ஸ்பான்சர் அகாடமிகளின் ஜிசிஎஸ்இ பெறுபேறு: ஏறினது படிப்போ, கணக்கோ?

#1 வெண்கட்டி

"அகாடமியில சேர்த்தால் ஜிசிஎஸ்இ தன்பாட்டில ஏறும்" எண்ட கதை இங்க அடிக்கடி வருது. (ஜிசிஎஸ்இ எண்டது இங்கிலாந்தில பதினோராம் வகுப்பில எழுதுற பொதுச் சோதினை. அகாடமி எண்டது கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, நடத்தாமல் அரசாங்கக் காசில தனியா நடக்கிற பள்ளிக்கூடம்.) ஏறினதுதான், இல்லை எண்டு சொல்லேல்லை. எது ஏறினது எண்டதுதான் கேள்வி.

முதலில ரகம் பிரிப்பம். பலகையில அகாடமி எண்டு எழுதின எல்லாம் ஒரே சாதி இல்லை. 2000 மார்ச்சில டேவிட் பிளங்கெட் கல்வி அமைச்சரா இருக்கேக்க அறிவிச்சது சிட்டி அகாடமி. 2002 செப்டெம்பரில முதல் மூண்டு திறந்தது: பெக்ஸ்லியில ஒண்டு, ஹாரிங்கேயில ஒண்டு, மிடில்ஸ்பரோவில ஒண்டு. ஒப்பந்தம் இதுதான்: ஒரு தொழிலதிபரோ, தேவாலய அமைப்போ, தொண்டு நிறுவனமோ ஏறக்குறைய 20 லட்சம் பவுண்ட் போடும். கட்டடச் செலவின்ர மிச்சமும், வருசா வருசம் பள்ளிக்கூடத்தை நடத்துற காசும் அரசாங்கத்தின்ர. அந்த 20 லட்சத்துக்கு ஸ்பான்சருக்குக் கிடைச்சது நிர்வாகச் சபையில பெரும்பான்மை. பள்ளிக்கூடம் கவுன்சிலின்ர கையை விட்டுப் போகும், ஒப்பந்தம் நேரா அமைச்சரோட. 2009இல அந்த 20 லட்சம் நிபந்தனையையும் எடுத்துப்போட்டினம்.

2010 மே மாதம் ஆட்சி மாறேக்க இப்படி 203 பள்ளிக்கூடம் இருந்தது. பிறகு புதுக் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் கொண்டுவந்த சட்டத்தால, ஏற்கனவே நல்லா நடந்த பள்ளிக்கூடங்களும் ஸ்பான்சர் இல்லாமலே அகாடமியா மாறலாம் எண்டு வந்தது. அதுக்குப் பெயர் கன்வெர்ட்டர். தோத்த பள்ளியை எடுத்து நடத்துறது ஸ்பான்சர்-லெட். ரெண்டையும் கலந்து ஒரு சராசரி போட்டு "அகாடமிகள் முன்னுக்கு நிக்குது" எண்டு ஆரும் சொன்னால் அந்த இடத்திலயே பேச்சை நிப்பாட்டுங்கோ.

இப்ப சோதினைக் கணக்குக்கு வருவம். அந்தக் காலத்து லீக் டேபிளில (பள்ளிக்கூடங்களின்ர பெறுபேற்றை ஒப்பிடுற அட்டவணை) முக்கிய எண் ஒண்டுதான்: ஏ ஸ்டார் முதல் சி வரைக்குள்ள அஞ்சு பாடம் எடுத்த பிள்ளையளின்ர வீதம். இன்டர்மீடியட் ஜிஎன்விக்யூ எண்ட தொழிற்கல்வித் தகுதி ஒண்டு பாஸ் பண்ணினால் நாலு ஜிசிஎஸ்இ 'சி'க்குச் சமன். அதோட ஏதாவது ஒரு பாடத்தில ஒரு 'சி' வந்தால் அஞ்சு முடிஞ்சுது. ஆங்கிலமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஐசிடி (கணினிப் பாடம்) ஜிஎன்விக்யூவை ஒரு வகுப்பு முழுக்க எழுத வைச்சால் பள்ளிக்கூடத்தின்ர எண் ஒரே வருசத்தில பாயும். ஜிஎன்விக்யூ நிண்ட பிறகு அந்தக் கதிரையில பிடெக், ஓசிஆர் நேஷனல் எண்ட வேற தொழிற்கல்வித் தகுதியள் வந்து குந்தினது.

2006 பெறுபேற்றில இருந்துதான் அஞ்சுக்குள்ள ஆங்கிலமும் கணக்கும் கட்டாயம் இருக்க வேணும் எண்ட எண்ணையும் அட்டவணையில போட்டினம். அப்பதான் ரெண்டு எண்ணுக்கும் நடுவில இருந்த பள்ளம் வெளியில தெரிஞ்சது. அதிலயும் ஒரு சிக்கல். 2011 ஜனவரி வரைக்கும் தகவல் அறியும் சட்டம் அகாடமிகளுக்குப் பொருந்தேல்லை. எந்தப் பாடத்தில எத்தினை பேர் எழுதினது எண்டு கவுன்சில் பள்ளியைக் கேட்டால் சட்டப்படி சொல்ல வேணும். பொதுக்காசில நடந்த அகாடமி சொல்லத் தேவையில்லை.

#2 மயிலாப்பூர்_டு_ஹேரோ

வெண்கட்டி அக்கா, பாதி நியாயம். ஜிஎன்விக்யூ வித்தையை அகாடமி கண்டுபிடிக்கலை. கவுன்சில் ஸ்கூல்களும் வரிசையில நின்னு அதே கோர்ஸை வாங்கினாங்க. அட்டவணை எதுக்கு மார்க் போடுதோ அதைத்தான் எல்லா ஹெட்மாஸ்டரும் செய்வாங்க. அது அட்டவணையோட குத்தம்.

இன்னொண்ணு. கிழக்கு லண்டன்ல ஹாக்னி டவுன்ஸ் ஸ்கூல் எவ்வளவு மோசமான நிலைமையில 1995-ல மூடப்பட்டதுன்னு இங்க பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே மனையில 2004-ல வந்தது மாஸ்போர்ன் அகாடமி. கிளைவ் போர்ன் ஸ்பான்சர், மைக்கேல் வில்ஷா தலைமை ஆசிரியர். 2009-ல அவங்க முதல் பேட்ச் எழுதினப்போ, ஆங்கிலம், கணக்கு சேர்த்தே 80 சதவீதத்துக்கு மேல. அதுவும் கணக்கு வித்தைதானா?

#3 வெண்கட்டி

இல்லை, மாஸ்போர்ன் வித்தை இல்லை. ஆனால் அது பழைய பள்ளிக்கூடத்தைத் திருத்தினதும் இல்லை. அங்க 2004இல சேர்ந்தது ஏழாம் வகுப்பு மட்டும். வருசத்துக்கு ஒரு வகுப்பாக் கூட்டிக்கொண்டு போய் அஞ்சாம் வருசம் முதல் பெறுபேறு. மூடினதுக்கும் திறந்ததுக்கும் நடுவில ஒன்பது வருசம். புதுக் கட்டடம், தாங்களே தெரிஞ்செடுத்த ஆசிரியர், முதல் நாளில இருந்தே ஒரே ஒழுங்கு. இதோட, பதினோராம் வகுப்பு வரைக்கும் ஆயிரம் பிள்ளையளையும் பழைய ஆசிரியர்களையும் ஒரு ஓகஸ்ட் விடுமுறைக்குள்ள கையேத்த அகாடமியை ஒப்பிடேலாது. முதல் மூண்டில ஒண்டான மிடில்ஸ்பரோ யூனிட்டி ரெண்டு பழைய பள்ளியை இணைச்சு வந்தது. 2005இல ஆஃப்ஸ்டெட் எண்ட அரச பள்ளிப் பரிசோதனையில தோத்தது. ஸ்பான்சர் காசு ரெண்டு இடத்திலயும்தான் இருந்தது.

#4 தரவுப்பித்தன்

ரெண்டு பேரும் ஒரு பெரிய விஷயத்தைத் தாண்டிப் போறீங்க. ஸ்பான்சர் அகாடமியாகுற ஸ்கூல் எப்படித் தேர்வாகுது? ரிசல்ட் அடிமட்டத்துக்குப் போன வருஷத்துலதான் அதைப் பிடிச்சு மாத்துவாங்க. அடிமட்டத்துக்குப் போன எண்ணுல எப்பவும் கொஞ்சம் கெட்ட நேரமும் கலந்திருக்கும்: ஒரு மோசமான பேட்ச், பாதி வருஷம் கணக்கு வாத்தியாரே இல்லாதது, இப்படி. யாருமே எதுவுமே செய்யலைன்னாலும் அடுத்த ரெண்டு வருஷத்துல அது சராசரிப் பக்கம் திரும்பும். "நாங்க எடுத்த ரெண்டே வருஷத்துல பத்து புள்ளி ஏத்தினோம்"னு டிரஸ்ட் (அகாடமியை நடத்துற அமைப்பு) அறிக்கை விட்டா, அதே அளவுக்கு விழுந்து கிடந்து, ஆனா அகாடமியாகாத ஸ்கூல்கள் எத்தனை புள்ளி ஏறுச்சுன்னுதான் கேட்கணும்.

அடுத்தது சேர்க்கை. இதை 2005-லயே ஸ்டீபன் கோரார்ட் எழுதினார். புதுக் கட்டடமும் புதுப் பேரும் வந்ததும் இலவச மதிய உணவு வாங்குற பசங்களோட விகிதம் சில அகாடமிகள்ல குறையுது. வசதியான வீட்டுப் பசங்க உள்ளே வர்றாங்க. ரிசல்ட் ஏறுது. அதே ஸ்கூல்தானா, வேற பசங்களா? அகாடமிக்குச் சேர்க்கை அதிகாரம் அதன் கையிலேயே இருக்கு, அதையும் சேர்த்துப் பாருங்க.

ஆனா இதோட நிறுத்தினா நேர்மையில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல ஆண்ட்ரூ ஐல்ஸும் ஸ்டீபன் மெஷினும் இந்த ரெண்டு ஓட்டையையும் அடைச்சுத்தான் பார்த்தாங்க. ஸ்கூல் அகாடமியாகுறதுக்கு முன்னாடியே அங்க சேர்ந்திருந்த பசங்களை மட்டும் எடுத்தாங்க; புதுப் பேரைப் பார்த்து வந்தவங்க கணக்குல இல்லை. ஒப்பீட்டுக்கு, பின்னால அகாடமியாகப் போற, ஆனா அப்போ ஆகாத ஸ்கூல்களோட பசங்க. அப்படிப் பார்த்தும் 2010-க்கு முந்தின ஸ்பான்சர் அகாடமிகள்ல முன்னேற்றம் தெரிஞ்சது. எத்தனை வருஷம் அதுக்குள்ள படிச்சாங்களோ அவ்வளவு கூடுதல்.

என் கணிப்பு: முதல் 203-ல உண்மையான ஏற்றம் ஒண்ணு இருந்தது, அதன் மேல கணக்கு ஏற்றம் இன்னொண்ணு உக்காந்திருந்தது. 2010-க்குப் பின்னால ஆயிரக்கணக்கா மாத்தினப்போ, அந்த 203-ஓட ஆதாரத்தைத் தூக்கிட்டு வந்து சம்பந்தமே இல்லாத கன்வெர்ட்டர்களுக்கும் சாட்சி சொல்ல வெச்சாங்க. 2015 ஜனவரியில நாடாளுமன்றக் கல்விக் குழுவே, இருக்கிற ஆதாரத்தை வெச்சு அகாடமி பொதுவா நல்லதுன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு அறிக்கை கொடுத்துடுச்சு. அதுக்கு அடுத்த வருஷம் எல்லா ஸ்கூலையும் 2022-க்குள்ள அகாடமி ஆக்குவோம்னு வெள்ளை அறிக்கை! ரெண்டே மாசத்துல அந்தக் கட்டாயத்தை வாபஸ் வாங்கினாங்க, அது வேற.

#5 மயிலாப்பூர்_டு_ஹேரோ

ஐல்ஸ்-மெஷின் விஷயத்தை நீங்களே சொன்னதுக்கு நன்றி. நான் அதைத்தான் போட வந்தேன்.

#6 கவர்னர்கதிரை

எல்லாரும் எழுதின பிள்ளையளைப் பற்றிக் கதைக்கிறியள். எழுதாத பிள்ளையளைப் பற்றி ஆர் கதைக்கிறது?

ஒரு பள்ளிக்கூடத்தின்ர ஜிசிஎஸ்இ கணக்கில ஆர் ஆர் சேர்வினம்? பதினோராம் வகுப்பு ஜனவரிக் கணக்கெடுப்பு அண்டைக்கு, வழமையா மூண்டாவது வியாழன், இடாப்பில பேர் இருக்கிற பிள்ளையள். அதுக்கு முதல் நாள் பேர் வெட்டினால் அந்தப் பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்தின்ர பெறுபேற்றில இல்லை. நாலரை வருசம் இங்க படிச்சிருந்தாலும் இல்லை. பத்தாம் வகுப்புக் கடைசியிலயும் பதினோராம் வகுப்பு முதல் தவணையிலயும் ஏன் இத்தினை "விலகல்" வருது எண்டது இப்ப விளங்கும்.

எவ்வளவு லாபம் எண்டு கணக்குப் போட்டுக் காட்டுறன். புரோகிரஸ் 8 எண்டது 2016இல வந்த முன்னேற்றக் கணக்கு: பிள்ளை எடுத்த அட்டெய்ன்மென்ட் 8 புள்ளியில (எட்டுப் பாடத்தின்ர மொத்தம்) இருந்து, ஆறாம் வகுப்பில அதே அளவு எடுத்த நாட்டுப் பிள்ளையளின்ர சராசரியைக் கழிச்சு, பத்தால பிரிக்கிறது. 45 எடுக்க வேண்டிய ஒரு பிள்ளை சோதினைக்கே வராமல் பூச்சியம் எடுத்தால் அந்தப் பிள்ளையின்ர புரோகிரஸ் மைனஸ் 4.5. மொத்தம் 150 பிள்ளையள் எண்டால் அந்த ஒருத்தரால பள்ளிக்கூடத்தின்ர எண் 0.03 இறங்கும். அப்படி அஞ்சு பேர் எண்டால் 0.15. பள்ளிக்கூடத்தின்ர எண் மைனஸ் 0.5க்குக் கீழ போனால் அந்தக் காலத்தில அமைச்சு கதவைத் தட்டும். 0.15 எண்டது அந்த எல்லையில நிண்ட பள்ளிக்கு மூச்சு. 2018இல இருந்து மிக மோசமான மைனஸுக்கு ஒரு அடித்தட்டுப் போட்டிருக்கினம், அதால லாபம் குறைஞ்சது, இல்லாமல் போகேல்லை.

ஆஃப்ஸ்டெட் 2018 ஆண்டறிக்கையில சொன்னது: 2016 ஜனவரிக்கும் 2017 ஜனவரிக்கும் இடையில பத்தில இருந்து பதினொண்டுக்குப் போகேக்க ஏறக்குறைய 19,000 பிள்ளையள் இடாப்பில இருந்து காணாமல் போச்சினம். அதில பாதிப்பேர் வேற எந்த அரச பள்ளி இடாப்பிலயும் வரேல்லை. வழக்கத்துக்கு மீறின அளவில பிள்ளையள் குறைஞ்ச பள்ளிக்கூடம் எண்டு 300 அளவில அடையாளம் கண்டினம். 2019 செப்டெம்பரில வந்த பரிசோதனைச் சட்டகத்தில ஆஃப்-ரோலிங் (இப்படிப் பேர் வெட்டுறது) எண்ட சொல்லே நேராப் போட்டாச்சு.

செய்யிற முறை மூண்டு. முதலாவது, "வீட்டில வைச்சுப் படிப்பியுங்கோ" எண்டு தாய் தேப்பனை ஒரு கடிதம் எழுத வைக்கிறது. ரெண்டாவது, "மேனேஜ்ட் மூவ்" எண்டு வேற பள்ளிக்குப் பரீட்சார்த்தமா அனுப்பிப்போட்டு பிறகு இடாப்பையும் மாத்திறது. மூண்டாவது, மாற்றுக்கல்வி நிலையத்துக்கு அனுப்புறது. இதில இரட்டைப் பதிவு, முதன்மைப் பதிவு பழைய பள்ளியில எண்டால் அந்தப் பள்ளியின்ர கணக்கிலதான் பிள்ளை நிக்கும். தனிப்பதிவா மாத்தினால் நிக்காது. பேப்பரில ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்.

#7 பனங்காய்

கவர்னர் அண்ணை, அந்த முதல் முறையைப் பற்றிக் கொஞ்சம் விவரமா. "பெர்மனன்ட் எக்ஸ்குளூஷன் (நிரந்தர நீக்கம்) பதிவில வந்தால் பிள்ளையின்ர எதிர்காலம் போயிடும், நீங்களாவே எடுத்துக்கொண்டு போனால் பதிவு சுத்தமா இருக்கும்" எண்டு சொன்னால் தாய் தேப்பன் என்ன செய்யிறது? எங்கட ஆக்கள் கனபேர் ஆங்கிலக் கடிதம் எண்டாலே கையெழுத்துப் போட்டுக் குடுத்திடுவினம்.

#8 கவர்னர்கதிரை

தம்பி, கையெழுத்துப் போடக் கூடாது. அவ்வளவுதான் முதல் விதி.

வீட்டுக்கல்விக் கடிதம் பள்ளிக்குப் போன உடன அவை பேரை வெட்டிக் கவுன்சிலுக்கு அறிவிக்கலாம். அதுக்குப் பிறகு பிள்ளைக்குச் சோதினை நிலையம் தேடுறதும் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் கட்டுறதும் தாய் தேப்பன்ர பொறுப்பு. திரும்பிப் போகக் கேட்டால் இடம் இருக்க வேணும், அது நிச்சயமில்லை.

"எக்ஸ்குளூட் பண்ணுவம்" எண்டு வாயால சொன்னால், "எழுத்தில தாங்கோ, காரணத்தோட" எண்டு கேளுங்கோ. எழுத்தில தந்தால் உங்களுக்கு உரிமை பிறக்குது. நிரந்தர நீக்கத்தை நிர்வாகச் சபை 15 பள்ளி நாளுக்குள்ள கூடிப் பார்க்க வேணும். தாய் தேப்பன் போய்க் கதைக்கலாம், கூட ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவையும் நீக்கினது சரி எண்டால், அடுத்த 15 பள்ளி நாளுக்குள்ள சுயாதீன மீளாய்வுக் குழுவைக் கேட்கலாம். அகாடமிக்கும் இதே விதிதான். சொந்தச் சட்டம் எண்டு ஒண்டும் இல்லை. வாயால வெருட்டுற பள்ளிக்கூடங்களில கனக்க எழுத்தில தராது, ஏனெண்டால் சபைக்கு முன்னால வைக்கிற அளவுக்கு அவையிட்டக் காரணம் இருக்காது.

பிள்ளைக்கு விசேட தேவைத் திட்டம் இருந்தால் கவுன்சிலுக்கு அண்டைக்கே மின்னஞ்சல் போடுங்கோ.

#9 மயிலாப்பூர்_டு_ஹேரோ

இதையும் கவுன்சில் ஸ்கூல்கள் செய்யுது, அதைச் சொல்லுங்க சார். அகாடமி மட்டும்னு எழுதினா தப்பாயிடும்.

#10 கவர்னர்கதிரை

செய்யுது. நான் இல்லை எண்டு சொல்லேல்லை. வித்தியாசம் இதுதான்: கவுன்சில் பள்ளியில பிள்ளையை வெளியில விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேற இடம் தேடுற தலையிடியும் அதே கவுன்சிலுக்குத்தான். தள்ளினவையின்ர ஆக்களே சுமக்க வேணும். அகாடமி தள்ளிவிட்டால் சுமக்கிறது அதின்ர டிரஸ்ட் இல்லை.

#11 தரவுப்பித்தன்

பாட வித்தை 2014-க்குப் பின்னாலயும் ஓயலை, அதையும் சொல்லிடறேன். 2011-ல தொழிற்கல்வி பத்தின ஆலிசன் வுல்ஃப் அறிக்கை வந்ததும், ஜிசிஎஸ்இக்கு ஈடா எண்ணின தகுதிகள் 3,100-க்கு மேல இருந்ததை 125-ஆ வெட்டினாங்க. எந்தத் தகுதியும் ஒரு ஜிசிஎஸ்இக்கு மேல மதிப்பு பெறாது, ஒரு பையனுக்கு ரெண்டுக்கு மேல சேராதுன்னு 2014 அட்டவணையில இருந்து விதி. ஒரே வருஷத்துல கணக்கை மூணு தடவை எழுத வெச்சு நல்லதை எடுக்குறதும் நின்னது. முதல் தடவை எழுதினதுதான் அட்டவணைக்குச் செல்லும்.

2016-ல புரோகிரஸ் 8 வந்தது. பத்து இடம்: கணக்குக்கு ரெண்டு, ஆங்கிலத்துக்கு ரெண்டு, அறிவியல்-வரலாறு-புவியியல்-மொழி மாதிரியான பாடங்களுக்கு மூணு, மிச்சம் மூணு திறந்த இடம். அந்தத் திறந்த இடத்துல ஈசிடிஎல்னு ஒரு கம்ப்யூட்டர் சர்ட்டிஃபிகேட் வந்து உக்காந்தது. வேர்ட், எக்ஸெல், பவர்பாயின்ட். மே மாசத்துல சில நாள் தொடர்ச்சியா உக்கார வெச்சே முடிச்சிடலாம். ஒரு பையன் கலையில 2 (9 முதல் 1 வரை தரத்துல) வாங்கப் போறான், அதுக்குப் பதில் இதுல 6-க்குச் சமமா வாங்கினா நாலு புள்ளி. பத்தால வகுத்தா அவன் புரோகிரஸ் 0.4 ஏறும். மொத்த பேட்சையும் எழுத வெச்சா ஸ்கூல் எண் எங்க போகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. 2018 அட்டவணையில இருந்து அதையும் தூக்கினாங்க. தூக்கின வருஷத்துல சில ஸ்கூல் எண் பொத்துனு விழுந்தது, தலைமை ஆசிரியர் அறிக்கையில "கடினமான பேட்ச்"னு போட்டிருந்தாங்க. சிரிப்புதான்.

இன்னொண்ணு, இது நம்ம பசங்களைப் பத்தினது. புரோகிரஸ் 8-ல பின்னணி பார்க்கிறதில்லை. முன்னாடி 2006-ல இருந்து 2010 வரை சூழல் சேர்த்த ஒரு கணக்கு இருந்தது, அதைக் கூட்டணி அரசு எடுத்துட்டாங்க. வீட்டுல வேற மொழி பேசுற பசங்க ஆறாம் வகுப்புல ஆங்கிலத்துல கொஞ்சம் கம்மியா வாங்கி, பதினொண்ணுல பிடிச்சிடுவாங்க. அந்த ஏற்றம் ஸ்கூலோட புண்ணியமா எழுதப்படும். லண்டன் ஸ்பான்சர் டிரஸ்ட்டுகள் பட்டியல்ல மேல நிக்கிறதுக்கும், மிடில்ஸ்பரோ, ஹல் பக்கத்து டிரஸ்ட்டுகள் கீழ கிடக்கிறதுக்கும் இது ஒரு காரணம். தமிழ்ப் பசங்க, வங்காளிப் பசங்க நிறைய இருக்கிற ஸ்கூல் எண்ணைப் பார்த்து "ஸ்பான்சர் மகிமை"ன்னு சொல்லாதீங்க. சனிக்கிழமை டியூஷன் ஃபீஸ் கட்டினது யாரு?

ஜெர்மனி, பிரான்ஸ்ல இருந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்புல வந்து சேர்ற நம்ம பசங்க புரோகிரஸ் 8 கணக்குலயே வரமாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு ஆறாம் வகுப்பு மார்க் இங்க இல்லை. அட்டெய்ன்மென்ட் 8-ல வருவாங்க. அதுலயும், கடைசி ரெண்டு கல்வியாண்டுக்குள்ள வெளிநாட்டுல இருந்து வந்தவங்க, ஆங்கிலம் தாய்மொழி இல்லைன்னா, கணக்குல இருந்து எடுக்கச் சொல்லி ஸ்கூல் விண்ணப்பிக்கலாம். இது சட்டப்படியான விதிதான், குறை சொல்லலை. ஆனா எல்லா ஸ்கூலும் ஒரே சுறுசுறுப்போட விண்ணப்பிக்கிறதில்லை.

#12 பனங்காய்

சரி, அடுத்த ஒக்டோபர் 31க்கு முதல் ஏழாம் வகுப்பு விண்ணப்பம் போட வேண்டிய ஆக்கள் ஒரு பள்ளிக்கூடத்தின்ர எண்ணை எப்படிச் சரிபார்க்கிறது? சுருக்கமாச் சொல்லுங்கோ, நான் ஸ்பிரெட்ஷீட் ஆள் இல்லை.

#13 தரவுப்பித்தன்

சுருக்கமா வராது தம்பி, ஆனா ஒரு மணி நேர வேலை.

அரசோட பள்ளி விவரப் பதிவேட்டுல ஸ்கூல் பேரைத் தேடுங்க. வகைன்னு இருக்கிற இடத்துல ஸ்பான்சர்-லெட்டா, கன்வெர்ட்டரா பாருங்க. திறந்த தேதியைக் குறிச்சுக்கோங்க. "லிங்க்ஸ்" பகுதியில முந்தின ஸ்கூல் பேரும் அதோட யூஆர்என் எண்ணும் (ஒவ்வொரு ஸ்கூலுக்கும் உள்ள அடையாள எண்) இருக்கும். ஏன் இது முக்கியம்னா, ஸ்பான்சர் அகாடமி ஆகும்போது பழைய ஸ்கூல் சட்டப்படி மூடப்பட்டு, புது யூஆர்என்னோட புது ஸ்கூல் பிறக்குது. பழைய ரிசல்ட்டும் பழைய ஆஃப்ஸ்டெட்டும் பழைய எண்ணோட போயிடும். புது ஸ்கூலுக்கு முதல் ஆய்வு வழக்கமா மூணாவது வருஷம்தான். அதுவரை பக்கம் வெறுமையா இருக்கும். வெறுமைன்னா நல்லதுன்னு அர்த்தமில்லை.

அடுத்து, பள்ளி ஒப்பீட்டுத் தளத்துல ஜிசிஎஸ்இ பகுதி. மேல தெரியிற பெரிய எண்ணை விட்டுட்டு, பக்கத்துல இருக்கிற "இதிலிருந்து இதுவரை" வீச்சைப் பாருங்க. 150 பேர் எழுதின ஸ்கூலுக்கு அது மேலும் கீழும் சுமார் 0.2. அதனால 0.1 வாங்கின ஸ்கூலையும் 0.25 வாங்கின ஸ்கூலையும் வெச்சு சண்டை போடறது வீண். மூணு வருஷம் சேர்த்துப் பாருங்க. 2025, 2026 ரிசல்ட்டுக்குப் புரோகிரஸ் 8 கிடையாது, ஏன்னா அந்தப் பசங்க ஆறாம் வகுப்புத் தேர்வு 2020, 2021-ல கோவிட்டால ரத்து. அந்த ரெண்டு வருஷத்துக்கு யாராவது "முன்னேற்றம்"னு பேனர் கட்டியிருந்தா அது அவங்க சொந்தக் கணக்கு.

பிறகு பாடவாரிப் பட்டியலைத் திறங்க. எத்தனை பேர் வரலாறு, புவியியல், ஃபிரெஞ்சு, ட்ரிபிள் சயின்ஸ் (மூணு அறிவியலும் தனித்தனியா) எழுதினாங்க? 180 பேர்ல 15 பேர்தான் ஒரு மொழி எழுதியிருக்காங்கன்னா உங்க பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். ஒரே ஒரு தொழிற்கல்விப் பாடத்துல மட்டும் 170 பேர்னா அந்த ஸ்கூல் திறந்த இடத்தை நிரப்புற விதம் தெரியும்.

கடைசியா தலைகளை எண்ணுங்க. கவுன்சில் சேர்க்கைக் கையேட்டுல ஏழாம் வகுப்பு இடம் எத்தனைன்னு இருக்கும். ஐந்து வருஷம் கழிச்சு ஜிசிஎஸ்இ எழுதினவங்க எண்ணிக்கை ஒப்பீட்டுத் தளத்துல இருக்கும். 180 இடம் நிரம்பின ஸ்கூல்ல 155 பேர்தான் எழுதினாங்கன்னா, 25 பேர் எங்கன்னு ஓப்பன் டேயில கேளுங்க. வீடு மாறிப் போனவங்க இருப்பாங்க, ஆனா லண்டன்ல போற அளவுக்கு வர்றவங்களும் உண்டு.

#14 கவர்னர்கதிரை

தலை எண்ணுறதுக்கு ஒரு நேர்வழி. தகவல் அறியும் சட்டத்தின்படி டிரஸ்டுக்கு மின்னஞ்சல் போடுங்கோ: "கடைசி அஞ்சு ஜனவரிக் கணக்கெடுப்பிலயும் 7 முதல் 11 வரை ஒவ்வொரு வகுப்பிலயும் இடாப்பில இருந்தவை எத்தினை பேர்? பத்தாம், பதினோராம் வகுப்பில இடாப்பில இருந்து நீக்கினவை எத்தினை, நீக்கின காரணம் வகைப்படி." காரணம் கேட்க வேண்டியதில்லை, பெற்றோரா இருக்க வேண்டியதுமில்லை. 20 பள்ளி நாள் அல்லது 60 வேலை நாள், எது முதலில முடியுதோ அதுக்குள்ள பதில் தர வேணும். கோடை விடுமுறைக்கு முதல் கிழமை போட்டால் செப்டெம்பர் கடைசியிலதான் பதில் வரும், அதால ஜூனிலயே போடுங்கோ. அஞ்சுக்குக் குறைஞ்ச எண்ணைப் பிள்ளையை அடையாளம் காணலாம் எண்டு மறைப்பினம். மொத்தமாக் கேட்டால் தருவினம்.

#15 மயிலாப்பூர்_டு_ஹேரோ

இந்தத் தலை எண்ணுற முறையை நான் ஒத்துக்கறேன். ஆனா இதைக் கவுன்சில் ஸ்கூலுக்கும் செய்யணும், அவ்வளவுதான் என் வாதம். 2018-ல எஜுகேஷன் பாலிசி இன்ஸ்டிட்யூட் டிரஸ்ட்டுகளையும் கவுன்சில்களையும் ஒரே பட்டியல்ல போட்டுப் பார்த்தாங்க. மேலயும் ரெண்டு வகையும் இருக்கு, கீழயும் ரெண்டு வகையும் இருக்கு. எந்தக் குழுமம்ங்கறதுதான் முக்கியம், வகை இல்லை. சட்டன் டிரஸ்ட்டோட (இது ஆய்வு அமைப்பு, ஸ்கூல் நடத்துற டிரஸ்ட் இல்லை) ஆய்வுகள்லயும் ஏழைப் பிள்ளைகள் ரிசல்ட் ஸ்பான்சர் சங்கிலிக்குச் சங்கிலி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்னுதான் வந்தது.

#16 வெண்கட்டி

அதைத்தான் நானும் முதலில இருந்து சொல்லுறன் தம்பி. வகை முக்கியம் இல்லை எண்டால், பெற்றோரைக் கேட்காமல் பள்ளிக்கூடத்தை வகை மாத்தினது எதுக்கு? கவுன்சில் மோசம் எண்டால் வாக்குப் போட்டு மாத்தலாம். டிரஸ்ட் மோசம் எண்டால்? வேக்ஃபீல்ட் சிட்டி அகாடமிஸ் டிரஸ்ட் 2017 செப்டெம்பரில, தவணை தொடங்கின கையோட, 21 பள்ளிக்கூடத்தையும் நடத்த ஏலாது எண்டு கைவிட்டது. அந்த வருசம் பதினோராம் வகுப்பில இருந்த பிள்ளையள் ஒரு நிர்வாகத்தில தொடங்கி இன்னொண்டில சோதினை எழுதினவை. அந்தப் பெறுபேறு ஆரின்ர கணக்கு?

#17 பனங்காய்

அதுதான் என்ர கடைசிக் கேள்வியும். டிரஸ்ட் மாறினால் யூஆர்என்னும் மாறுமோ? பழைய பெறுபேறு திரும்ப அழிஞ்சு போகுமோ?

#18 தரவுப்பித்தன்

வழக்கமா மாறாது. கவுன்சில் ஸ்கூல் அகாடமி ஆகும்போதுதான் புது எண். ஒரு டிரஸ்ட்ல இருந்து இன்னொரு டிரஸ்ட்டுக்குப் போகும்போது பெரும்பாலும் அதே எண்தான் இருக்கும். பேர், சீருடை, லோகோ, வலைத்தளம் எல்லாம் மாறியிருக்கும். அதனால பேரை வெச்சுத் தேடாதீங்க, ஆறு இலக்க யூஆர்என்னை வெச்சுத் தேடுங்க. பதிவேட்டுலயே டிரஸ்ட்டுல சேர்ந்த தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முந்தின ரிசல்ட்டைப் புது டிரஸ்ட் தன் கையேட்டுல போட்டிருந்தா ஓப்பன் டேயில காட்டிக் கேளுங்க. பழைய ரிசல்ட் மோசமா இருந்திருந்தா அந்தத் தேதியை அவங்களே முதல் பக்கத்துல அச்சடிச்சிருப்பாங்க.